கோந்தைப்பிட்டியும் ஒஸ்லோவும்

தள்ளாடியைக் கடந்ததும் தொடங்கி, மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேலாக நீண்டு மன்னார்த் தீவைத் தொடும் தாம்போதியின் இருமருங்கிலும், முழங்காலளவுகூடத் தேறாத உவர்நீரில் மாரிகாலத்துப் பூநாரைகள் கூட்டங்கூட்டமாக மேய்வதைக் காணும் பிரயாணி, சிறிது காலத்துக்கு முன் இந்தப் பிரதேசத்தில் இரண்டு ஆட்சிகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன என்பதை நம்புவதற்குச் சற்றுச் சிரமப்படுவான். 1990 ஆம் ஆண்டில் விடுதலைப் புலிகள் பழைய பாலத்தைத் தகர்த்தார்கள். அதன்பின் ஏறத்தாழ இருபது வருஷ காலம் தற்காலிக ஏற்பாடுகளே அந்த இடத்தை நிரப்பி வந்தன. 2010 மார்ச்சில் ஜப்பானிய உதவியுடன் புதிய பாலம் திறக்கப்பட்டது. இன்று பஸ் அதன்மீது வேகம் தணியாமலே ஓடி, பயணி சன்னலோரத்துப் பறவையை இன்னதென்று தீர்மானிப்பதற்குள் அவனைப் பட்டினத்தின் மத்தியில் இறக்கிவிடுகிறது.

இறங்கியவனை முதலில் எதிர்கொள்வன கழுதைகள். உடையவன் யாரென்று தெரியாத, ஆனாலும் ஊருக்கே உரியவை போன்ற அந்தச் சாதுப் பிராணிகள் கடைத்தெருவில் காய்கறிக் கழிவுக்காகக் காத்து நிற்கும். மன்னார்ப் பட்டினம் சிறியது. 1560 இல் போர்த்துக்கேயர் எழுப்பி, 1658 இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பின்னர் திருத்திக் கட்டிய கோட்டை, புனித செபஸ்தியார் பேராலயம், மூர்வீதிப் பள்ளிவாசல், சைவக் கோயில்கள் எல்லாவற்றையும் வெயில் ஏறுமுன் கால்நடையாகவே பார்த்துவிடலாம். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் அடிமரச் சுற்றளவு பத்தொன்பது மீற்றருக்கு மேல். அரபு வணிகர் கொண்டுவந்து நட்டது என்பது கர்ணபரம்பரைச் செய்தி. மாவட்டத்தின் ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டோர் கத்தோலிக்கர். அவ்வாறான மாவட்டம் இலங்கையில் வேறொன்று இல்லை. 1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறக்குறைய நாலில் ஒருவர் முஸ்லிம். எல்லோர் வீட்டிலும் பேச்சு தமிழ்.

பிளவுண்ட நகரம் என்று சொன்ன மாத்திரத்தில் நம் மனத்தில் எழுவது பெர்லினின் சுவரும் நிக்கோசியாவின் முட்கம்பியும். மன்னாருக்கு நேர்ந்த பிளவு அந்த ரகத்தைச் சேர்ந்ததன்று. இங்கே தெருவின் நடுவே யாரும் சுவர் எழுப்பவில்லை. பட்டினம் ஒருவர் கையிலும், அந்தப் பட்டினத்துக்குச் சோறு போட்ட வயல் மற்றொருவர் கையிலுமாகப் பிரிந்தன. 1990 இன் இறுதியிலிருந்து தீவு அரச படையினர் வசம். கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் நெல்வயல்களும், அடம்பனும், விடத்தல்தீவும், தெற்கே சிலாவத்துறையும் பெரும்பாலும் புலிகள் வசம். 1997 இல் படையினர் மதவாச்சி வீதியைத் தம் வசப்படுத்திய பின்னரும், அவ்வீதியின் வடபுறத்தில் உயிலங்குளத்தைத் தாண்டினால் வேறு காவல், வேறு சட்டம், வேறு வரி. இரண்டுக்கும் நடுவே விசித்திரமான ஒரு பந்தம் மட்டும் அறுபடாமல் இருந்தது: புலிகளின் பகுதியில் இருந்த பாடசாலை ஆசிரியருக்கும் ஆஸ்பத்திரி ஊழியருக்கும் சம்பளம் கொடுத்தது அரசாங்கம். துப்பாக்கிகள் பிரித்த தேசத்தை அரசாங்கக் கச்சேரிப் பேரேடு ஒன்றாகவே வைத்திருந்தது என்று சொன்னால் அது அதிகப்பிரசங்கம் ஆகாது.

கச்சேரியைப் போலவே எல்லை பாராமல் இயங்கிய மற்றொன்று மன்னார் மறைமாவட்டம். 1981 இல் தோற்றுவிக்கப்பட்ட அதன் ஆயராக 1992 முதல் 2016 வரை இருந்த இராயப்பு ஜோசப் ஆண்டகையை விரும்பியவர்களும் உண்டு, வெறுத்தவர்களும் உண்டு. அவருடைய சார்புகளைப் பற்றிக் குறை சொன்னவர்கள் அவர் சொன்ன கணக்கைக் குறை சொல்ல முடியாமல் திணறியதை நாம் கண்டோம். 2011 ஜனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் என்று கச்சேரிகளே எழுதி வைத்திருந்த 4,29,059 பேரிலிருந்து, யுத்தம் முடிந்தபின் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் என்று பதிவான 2,82,380 பேரைக் கழித்து, மிச்சமான 1,46,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் வினவினார். ஆரம்பப் பள்ளி மாணவன் செய்யக்கூடிய கழித்தல்தான். மூலக் கணக்கில் பிழை இருக்கலாம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். சரியான கணக்கு இதுவென்று பெயர் பெயராக எடுத்து வைத்தவர்கள் எவரும் இலர். ஆயர் 2021 ஏப்ரல் முதலாம் நாள் காலமானார். அவர் கேட்ட கேள்வி அவருக்குப் பின்னும் இருக்கிறது.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு 2002 ஆம் ஆண்டை நோக்கிச் சற்றுப் பின்செல்ல வேண்டும். அவ்வருஷம் பெப்ரவரி 22 ஆம் தேதி, நோர்வேயின் மத்தியஸ்தத்தில், பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவும் புலிகளின் தலைவர் பிரபாகரனும் கைச்சாத்திட்ட போர்நிறுத்த ஒப்பந்தத்தை இன்று எடுத்து நிதானமாக வாசிப்பவர்களுக்கு, அதை வரைந்தவர்கள் நடைமுறை ஞானம் இல்லாதவர்கள் அல்லர் என்பது புலப்படும். கோயில்களிலிருந்தும் பாடசாலைகளிலிருந்தும் படையினர் இன்னின்ன கெடுவுக்குள் வெளியேற வேண்டும் என்று அதில் இருக்கிறது. மீன்பிடியைப் பற்றிக்கூடத் தனியாக ஒரு பிரிவு உண்டு: தடைகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டுத் தொண்ணூறாம் நாளில் இரவிலும் பகலிலும் தொழில் செய்ய அனுமதி, ஆயினும் கரையோரப் படைமுகாம்களின் இருபுறமும் ஒவ்வொரு கடல் மைலும், கடல்பக்கம் இரண்டு கடல் மைலும் விலக்கு. கரை முழுவதும் முகாமாக இருந்த ஒரு நாட்டில், இந்த விலக்கைக் கழித்துப் பார்த்தால் எஞ்சும் கடல் எவ்வளவு என்பதை மீனவன் உடனே கணக்கிட்டிருப்பான். எனினும் அது பெரிய விஷயந்தான். இரவில் வலை விடலாம் என்ற ஒன்றே பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைத்தது. உயிலங்குளத்துப் பாதை திறந்தது. தீவிலிருந்து அடம்பனுக்கு உறவுபார்க்கப் போனார்கள். ஸ்கண்டிநேவியக் கண்காணிப்பாளர்கள் வெள்ளை வாகனங்களில் வந்து புகார்களை எழுதிக்கொண்டார்கள். ஆகஸ்டு பதினைந்தாம் தேதி மடு மாதா ஆலயத் திருவிழாவுக்குத் தென்னிலங்கைச் சிங்களக் கத்தோலிக்கர்கள் மறுபடியும் பெருந்திரளாக வந்தார்கள். அந்தக் காலத்தைச் சமாதானம் என்றே இப்பக்கத்து ஜனங்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். "சமாதான நேரம்" என்றால் 2002 க்கும் 2006 க்கும் இடைப்பட்ட அந்தச் சிறிய பருவந்தான். 2009 க்குப் பிற்பட்ட காலத்தை அவர்கள் அப்பெயரால் அழைப்பதில்லை, "சண்டை முடிஞ்ச பிறகு" என்கிறார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் முகவுரையில் ஒரு பந்தி இருக்கிறது. பிணக்கில் நேரடியாகச் சம்பந்தப்படாத பிரிவினரும் அதன் விளைவுகளால் துன்புறுகின்றனர், விசேஷமாக முஸ்லிம் மக்கள் அவ்வாறு துன்புறுகின்றனர், ஆதலால் குடிமக்களின் பாதுகாப்பும் உடைமையும் பற்றிய விதிகள் எல்லோருக்கும் பொருந்தும் என்பது அதன் சாரம். முகவுரையில் அந்த ஒரு பந்தி மட்டுமே. மன்னாரைப் பொறுத்தவரை சமாதான முயற்சியின் பெருமை, குறை இரண்டையும் அந்தப் பந்தியை உரைகல்லாக வைத்தே நான் மதிப்பிடுவேன். ஏனெனில் இந்தத் தீவில் நிகழ்ந்த ஆழமான பிளவு இராணுவத்துக்கும் புலிகளுக்கும் இடையே நிகழ்ந்ததன்று.

1990 அக்டோபர் மாதத்தின் கடைசி வாரத்தில், வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் கட்டளையிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் சில மணி நேரமும் மன்னாரில் சில நாட்களுமே கெடு. 70,000 க்கும் மேற்பட்டோர் இவ்வாறு துரத்தப்பட்டனர்; அவர்களுள் மிகப் பெரிய தொகையினர் மன்னாரைச் சேர்ந்தவர்கள். எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் தலைமுறை தலைமுறையாகக் கல்வீடு கட்டி வாழ்ந்தவர்கள், எடுத்துச்செல்ல அனுமதிக்கப்பட்ட சில பைகளோடு கடற்கரையில் கூட்டப்பட்டு, மீன்பிடி வள்ளங்களில் ஏறித் தெற்கே கற்பிட்டிக்குப் போனார்கள். வாடைக்காற்று தொடங்கும் பருவம் அது. குழந்தைகளோடும் வயோதிகர்களோடும் அந்தக் கடலில் திறந்த வள்ளத்தில் போவது எத்தகையது என்பதை இந்தக் கரையில் வாழ்பவருக்கு விளக்கவேண்டியதில்லை. புத்தளத்துத் தென்னந்தோப்புகளில் கிடுகுக் கொட்டில் அமைத்துத் தங்கியவர்கள், சில மாதங்களில் திரும்பிவிடலாம் என்று எண்ணினார்கள். ஒரு தலைமுறை அங்கே பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டது.

எருக்கலம்பிட்டியில் பிறந்து பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் பேராசிரியராக இருந்த எஸ். எச். ஹஸ்புல்லாஹ், தம் ஊராரின் இந்த விதியை ஆராய்ச்சியாளனின் நிதானத்தோடு பல வருஷங்கள் ஆவணப்படுத்தினார். போனவர்கள் விட்டுப்போன வீடு எத்தனை, நிலம் எவ்வளவு, வள்ளம் எத்தனை என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதிய உழைப்பு அது. 2018 இல் அவர் மறைந்தார். தமிழர்களின் துன்பத்தை எழுதிய நூல்கள் நம் வீட்டு அலமாரிகளில் இருக்கும் அளவுக்கு அவருடைய எழுத்து இல்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும். வெளியேற்றத்தைச் செய்தவர்கள் தமிழர் பெயரால் செய்தார்கள். அண்டை வீட்டார் பலர் அழுதார்கள், சிலர் திறப்புகளை வாங்கிப் பத்திரமாக வைத்தார்கள், வேறு சிலர் கூரையைக் கழற்றினார்கள். மூன்றும் நடந்தன.

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த பெரிய பத்திரிகையாளர் மாநாட்டில், புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் அவ்வெளியேற்றத்துக்காக வருத்தம் தெரிவித்தார். சில நாட்கள் கழித்து ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் ரவூப் ஹக்கீமும் பிரபாகரனும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். முஸ்லிம்கள் வடக்குக்குத் திரும்பலாம் என்பது அதன் உட்பொருள். ஆனால் சட்டாஹிப்பில் தொடங்கி ஒஸ்லோ, பெர்லின், ஹகோனே என்று 2003 மார்ச் வரை நடந்த ஆறு சுற்றுப் பேச்சுகளிலும் முஸ்லிம்களுக்குத் தனித் தூதுக்குழு என்ற கோரிக்கை கோரிக்கையாகவே இருந்தது. ஹக்கீம் அமர்ந்திருந்தது அரசாங்கத் தூதுக்குழுவில். நியாயம் எதுவானாலும், ஆயுதம் வைத்திருந்தவர்களுக்கு மாத்திரமே ஆசனம் என்ற விதி, ஆயுதம் எடுக்காதவர்களுக்கு என்ன படிப்பினையைக் கற்பித்திருக்கும் என்று யோசித்தால் மனம் கலங்குகிறது. ஒஸ்லோவில் சமஷ்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே மாதத்தில், மன்னார்ப் பட்டினத்துக் கரையில் ஒரு சிறு துண்டு மணலைப் பற்றிய விவகாரம் பேசுவாரின்றிக் கிடந்தது.

அந்த மணல்துண்டின் பெயர் கோந்தைப்பிட்டி. பட்டினத்தின் உப்புக்குளம் பகுதி முஸ்லிம் மீனவர்கள் 1990 க்கு முன் தங்கள் வள்ளங்களைக் கரையேற்றிய இடம். அவர்கள் துரத்தப்பட்டார்கள்; இடம் வெறிச்சோடியது. பின்னர் யுத்தத்தால் விடத்தல்தீவைவிட்டு இடம்பெயர்ந்து தீவுக்கு வந்த கத்தோலிக்கத் தமிழ் மீனவர்கள் அங்கே வாடி போட்டுத் தொழில் செய்தார்கள். ஒருவர் அகதியாகப் போன இடத்தில் இன்னொருவர் அகதியாக வந்தார். எவரும் எவரையும் வஞ்சிக்கவில்லை. 2009 க்குப் பின் உப்புக்குளத்தார் திரும்பி வந்து தம் கரையைக் கேட்டார்கள். விடத்தல்தீவாரோ, தம் சொந்த ஊர்க் கரை இன்னும் தொழிலுக்கு ஒழுங்காகவில்லை, இங்கே போட்ட வாடியும் வலையுமே தம் ஜீவனம் என்றார்கள். இரண்டு நியாயங்கள்! 2012 ஜூலையில் விவகாரம் வழக்காகி, ஆர்ப்பாட்டமாகி, அம்மாதம் 18 ஆம் தேதி மன்னார் நீதிமன்றக் கட்டடத்தின்மீது கல்லெறிவதில் போய் முடிந்தது. நாடெங்கும் சட்டத்தரணிகள் பணிப்பகிஷ்கரிப்புச் செய்தார்கள், பத்திரிகைகள் நீதித்துறையின் சுதந்திரத்தைப் பற்றித் தலையங்கம் எழுதின, அது வேண்டியதுதான். கரை யாருக்கு என்ற மூலக் கேள்வி அந்தத் தலையங்கங்களுக்குள் அடங்கிப்போயிற்று.

கோந்தைப்பிட்டிக்கு நான் போனது வள்ளங்கள் கரைக்குத் திரும்பும் விடியற்பொழுதில். ஃபைபர் வள்ளத்தின் அணியத்தில் கயிற்றை மாட்டி, நாலைந்து பேர் தோள்கொடுத்து, அலை ஒன்று பின்னாலிருந்து தள்ளும் கணத்தைப் பார்த்து ஒரே மூச்சில் இழுக்கிறார்கள். அந்த ஒரு மூச்சு தவறினால் வள்ளம் பக்கவாட்டில் சாய்ந்து மணலில் புதைந்துகொள்ளும். பிறகு வலையை அவிழ்த்து, சிக்கிய நண்டின் கால்கள் ஒடியாமல் ஒவ்வொன்றாக எடுக்கவேண்டும். கால் ஒடிந்த நண்டுக்கு விலை பாதி. பெட்டி, ஐஸ், தராசு, வியாபாரியின் மோட்டார் சைக்கிள் எல்லாம் மணலுக்கு மிக அருகிலே வந்து நிற்கவேண்டும். இதையெல்லாம் ஒருமுறை பார்த்தவர்களுக்கு, வள்ளத்தைக் கரையேற்றும் இடம் என்பது எங்கேயாவது ஒதுக்கிக்கொடுக்கக்கூடிய வெறும் நிலமன்று, பாதைக்கும் ஆழத்துக்கும் சந்தைக்கும் ஏற்ற மிகச் சில இடங்களில் ஒன்று என்பது விளங்கும். வலை தட்டிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலை நிமிராமலே சொன்னார்: "கடலுக்குள்ள நாங்களும் அவங்களும் பக்கத்தில பக்கத்திலதான் நிக்கிறம், தம்பி. எஞ்சின் நிண்டுபோனா அவங்கதான் கயிறு எறியிறது. வள்ளத்தை எங்க இழுத்துப் போடுறது எண்டதிலதான் கதை வருது." அவர் உப்புக்குளத்தாரா விடத்தல்தீவாரா என்பதை நான் கேட்டறியவில்லை.

யுத்தம் முடிந்த விதத்தை இங்கே விரிக்கப்போவதில்லை. அது எல்லோரும் அறிந்தது. 2006 ஜூனில் பேசாலை வெற்றி மாதா ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது தாக்குதல் நடந்தபோதே ஒப்பந்தம் காகிதமாகிவிட்டது. 2008 ஜனவரியில் அரசாங்கம் அதிலிருந்து முறைப்படி விலகியது. அவ்வருஷம் ஏப்ரலில், சண்டை மடுவை நெருங்கியபோது, குருமார் மாதாவின் திருச்சொரூபத்தைத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் சென்றார்கள். 1670 வாக்கில் ஒல்லாந்தரின் அடக்குமுறைக்கு அஞ்சி மாந்தையிலிருந்து மடுக் காட்டுக்குக் கொண்டுவரப்பட்டது அந்தச் சொரூபம் என்பது ஐதிகம். முந்நூறு வருஷங்களுக்குப் பின் மாதாவும் மறுபடி இடம்பெயர்ந்தார், ஆகஸ்டில் மீள்குடியேறினார். 1999 நவம்பரில் மடு ஆலய வளாகத்தில் தஞ்சமிருந்த ஜனங்கள் முப்பதுக்கும் மேற்பட்டோர் எறிகணைக்குப் பலியான அந்த மண்ணுக்கு, 2015 ஜனவரி 14 இல் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து பிரார்த்தித்தார். சொரூபம் திரும்புமுன்பே, 2008 ஜூலையில், விடத்தல்தீவு வீழ்ந்திருந்தது. அத்தோடு மன்னார் "ஒன்றாயிற்று".

வெற்றியால் ஒன்றாவதற்கும் இணக்கத்தால் ஒன்றாவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பெல்பாஸ்ட் நகரத்தோடு ஒப்பிட்டால் சற்றுத் தெளிவாகத் தெரியும். 1998 இல் வட அயர்லாந்தில் ஏற்பட்ட உடன்படிக்கையை மக்கள் வாக்களித்து ஏற்றார்கள். அதிகாரத்தைப் பங்கிடும் சபை ஒன்று அமைந்தது. அது அடிக்கடி முடங்கியபோதும் மறுபடி கூடுகிறது. ஆயினும் கத்தோலிக்கர் வாழும் தெருக்களுக்கும் புரட்டஸ்தாந்தர் வாழும் தெருக்களுக்கும் நடுவே நிற்கும் சுவர்களை 2023 க்குள் அகற்றிவிடுவோம் என்று 2013 இல் அந்த அரசு அறிவித்தது. கெடு கடந்த பின்னும் பல சுவர்கள் நிற்கின்றன. மன்னாரிலோ இரண்டு ஆட்சிகளுக்கும் நடுவே இருந்த தடைகள் நீங்கின, ஆனால் மக்களின் சம்மதம் கேட்கப்பட்ட ஒரு வரி ஏற்பாடும் கிடையாது. இரண்டில் எது மேல் என்று கேட்பவர்களுக்கு, நான் பெல்பாஸ்டின் சுவர்களோடுகூடிய உடன்படிக்கையையே தேர்வேன். சுவரை இடிப்பதற்கு என்றைக்காவது வழி உண்டு.

தடை நீங்கியதும் பழைய பகைகள் புதிய உருவில் வந்தன என்பதற்குத் திருக்கேதீச்சரத்து வளைவு சாட்சி. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய பாலாவிக் கரைத் தலம் அது. போர்த்துக்கேயர் காலத்தில் அழிந்து, ஆறுமுக நாவலர் 1872 இல் விடுத்த வேண்டுகோளுக்குப் பின் மெல்ல மீண்டெழுந்து, யுத்த காலத்தில் படையினரின் பிடியில் சிக்கி, அண்மையில் இந்திய உதவியுடன் கருங்கல் திருப்பணி கண்டு 2022 ஜூலையில் கும்பாபிஷேகம் நிறைவேறியது. அதே மாந்தையில் லூர்து அன்னை ஆலயமும் இருக்கிறது. மடு மாதாவின் பூர்வீகம் அவ்விடமென்பது கத்தோலிக்கரின் நம்பிக்கை. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல்நாள், பெருவீதியிலிருந்து கோயிலுக்குப் பிரியும் இடத்தில் அமைத்துக்கொண்டிருந்த அலங்கார வளைவை ஒரு கூட்டம் பிடுங்கி எறிந்தது. இருசாராரும் தமிழர், இருசாராரும் ஒரே முகாம்களில் ஒரே வரிசையில் கஞ்சி வாங்கியவர்கள். 1544 இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி மன்னார்க் கிறிஸ்தவர்களை வெட்டுவித்த சம்பவத்தைத் தோட்டவெளியில் இன்றும் வேதசாட்சிகளின் நினைவாக அனுஷ்டிக்கிறார்கள். கோயிலின் கற்களைப் பெயர்த்துக் கோட்டை கட்டினார்கள் என்பதைச் சைவர்கள் மறக்கவில்லை. இந்தத் தீவில் ஞாபகம் ஐந்நூறு வருஷம் பின்னோக்கிச் செல்கிறது. அது எப்பொழுது விழிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது.

ஞாபகத்தின் அந்த நீளமே மற்றொரு விவகாரத்தில் விசித்திரமாகக் குறுக்கிட்டது. 2018 மார்ச்சில், பட்டின மத்தியில் அரச வியாபார நிலையமான சதொசவின் கட்டடத்துக்கு அத்திவாரம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதவானின் மேற்பார்வையில் மாதக்கணக்காக அகழ்ந்ததில், முந்நூறுக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கண்டெடுக்கப்பட்டன. குழந்தைகளும் அவர்களுள் இருந்தார்கள். காணாமற்போனவர்களின் தாய்மார் வேலியோரத்தில் வந்து நின்றார்கள். 2019 மார்ச்சில் அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடத்திலிருந்து காபன் பரிசோதனையின் முடிவு வந்தது: 1404 க்கும் 1635 க்கும் இடைப்பட்ட காலம். அரசாங்க ஆதரவாளர்கள் நிம்மதிப் பெருமூச்செறிந்தார்கள். தாய்மார் அதை நம்பவில்லை. சில எலும்புகளை வைத்து முழுக் குழிக்கும் காலம் சொல்வதெப்படி என்று சட்டத்தரணிகள் கேட்டார்கள். 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்தின் அருகே தண்ணீர்க் குழாய் பதித்தவர்கள் கண்ட எண்பதுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் பழைய மயானத்தவை என்று அதிகாரிகள் சொன்னபோதும் இதே அவநம்பிக்கைதான். முடிவு சரியாகவே இருக்கலாம். விஞ்ஞானத்தோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் ஓர் ஊரில் மண்ணைத் தோண்டும் இடத்திலெல்லாம் "இது எங்கள் பிள்ளையோ" என்று கேட்கும் நிலையில் ஜனங்களை வைத்துவிட்டு, ஆய்வுகூடத்துக் கடிதத்தை நம்புங்கள் என்று சொன்னால் எப்படி நம்புவார்கள்?

ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை. 1914 இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கியதிலிருந்து சென்னையையும் கொழும்பையும் கோத்த அந்த மார்க்கம், 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியை இழந்து, 1990 இல் இலங்கைப் பக்கத்துத் தண்டவாளங்களையும் இழந்தது. இந்திய நிறுவனம் மறுபடி அமைத்த பாதையில் 2015 மார்ச் 14 ஆம் தேதி தலைமன்னாரில் பிரதமர் நரேந்திர மோடி கொடியசைத்தார். ரயில் வருகிறது, கப்பல் இல்லை.

பாலமும் ரயிலும் அரசாங்கங்கள் கொடுக்கக்கூடியவை, கொடுத்தும்விட்டன. நிலம் கொடுப்பதில் அந்த உற்சாகத்தைக் காணோம். முசலிப் பக்கத்து முள்ளிக்குளத்தார் 2007 செப்டெம்பரில் எழுப்பப்பட்டார்கள். ஊரில் கடற்படை குடியேறியது. 2017 இல் வாரக்கணக்காக வீதியோரத்தில் உட்கார்ந்து போராடிய பின்பே ஒரு பகுதி விடுவிக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. மறிச்சுக்கட்டிக்கும் கரடிக்குளிக்கும் திரும்பிய முஸ்லிம்களோ, தாங்கள் இல்லாத காலத்தில் காடாகிப்போன தம் காணிகளை வெட்டியபோது, வில்பத்துச் சரணாலயத்தை அழிக்கும் ஆக்கிரமிப்பாளர் என்று தென்னிலங்கைப் பத்திரிகைகளில் பட்டம் பெற்றார்கள். துரத்தியவர்கள் காட்டை வளர்த்தார்கள், காப்பவர்கள் காட்டுக்கு எல்லை போட்டார்கள், காணி உறுதியைக் கையில் வைத்திருந்தவன் குற்றவாளியானான். இன்றும் புத்தளத்திலிருந்து வாக்களிக்க மன்னாருக்கு பஸ்ஸில் வருகிறவர்கள் இருக்கிறார்கள். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் அன்று அப்படி வந்த பஸ்கள்மீது தந்திரிமலையில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது.

இத்தனை கசப்புக்கும் மத்தியில், 2025 ஆகஸ்டில் பட்டின மத்தியில் ஒரு கூட்டம் திரண்டது. தீவின் தென்கரையில் 2020 டிசம்பர் முதல் சுழலும் முப்பது காற்றாலைகளோடு இன்னும் பலவற்றை நிறுவும் திட்டத்தையும், கரைமணலில் இல்மனைற் அகழும் எண்ணத்தையும் எதிர்த்து, கத்தோலிக்கக் குருமாரும் மௌலவிமாரும் சைவப் பெரியோரும் மீனவரும் இளைஞரும் ஒன்றாக நின்றார்கள். திருக்கேதீச்சர வளைவின் நிமித்தம் முறைத்துக்கொண்டவர்களும் உப்புக்குளத்தாரும் அங்கே இருந்தார்கள். ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்க ஒரு மாத காலத்துக்கு வேலைகளை நிறுத்தி வைத்தார். பின்னர் செப்டெம்பர் இறுதியில் உதிரிப்பாகங்கள் இரவோடு இரவாகக் கொண்டுவரப்பட்டபோது பொலிசாருக்கும் ஜனங்களுக்கும் கைகலப்பு நேர்ந்தது. இந்த ஐக்கியத்தை மிகையாகப் புகழ எனக்கு மனமில்லை. எதிராளி பொதுவாக இருக்கும்வரை ஒன்றுபடுவது எளிது, எதிராளி போனபின் கரையைப் பங்கிடுவதே கடினம். எனினும், யாருடைய அழைப்புமின்றி, எந்த நாட்டின் மத்தியஸ்தமுமின்றி, மூன்று தரப்பாரும் சமமான ஆசனத்தில் உட்கார்ந்து தம் தீவைப் பற்றித் தாமே பேசியது சமீப காலத்தில் அதுவே என்று நினைக்கிறேன். அவ்வாறு உட்கார்ந்தவர்கள் கலைந்து போவதற்கு முன் கோந்தைப்பிட்டியையும் முள்ளிக்குளத்தையும் மறிச்சுக்கட்டியையும் நிகழ்ச்சி நிரலில் சேர்த்துக்கொள்வார்களா என்பதை, அந்தக் கூட்டத்தை நடத்தியவர்களிடமே கேட்கவேண்டும்.